லேசரைப் பழிக்கும் நண்பர்களுக்கு

தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பள்ளி மைதானத்திலும் மொட்டை மாடியிலும் கடற்கரையிலும் மக்களுக்கு வானத்தைக் காட்டும் வானியல் ஆர்வலர்களுக்கு,



கோளரங்கத்தில் பாட்டுப் போட்டு லேசர் காட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே நம் குழுக்களில் ஒரு முகச்சுளிப்பு எழுகிறது. ‘நட்சத்திரம் காட்டுகிற இடத்தில் டிஸ்கோவா?’ என்கிறார் ஒருவர். ‘கூட்டம் சேரும், வானியல் சேராது’ என்கிறார் மற்றொருவர். இந்தச் சுளிப்பில் எனக்குப் பங்கில்லை. லேசர் காட்சி பிறந்த கதையையும் அது இயங்கும் விதத்தையும் படிக்கப் படிக்க, நாம் கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியில் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. அவர் யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கோளரங்கமே ஓர் ஒளிக்காட்சிதான். அதை நாம் மறந்துவிடுகிறோம். சைஸ் நிறுவனம் செய்த முதல் கோளரங்கக் கருவியை 1923 அக்டோபர் 21 அன்று மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இயக்கிக் காட்டினார்கள். அதுவரை வானத்தை வீட்டுக்குள் கொண்டுவர நினைத்தவர்கள், பெரிய உருண்டை ஒன்றைச் செய்து, உள்ளே ஆட்களை உட்காரவைத்து, உருண்டையைச் சுழற்றினார்கள். சைஸின் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் அந்த யோசனையைத் தலைகீழாக்கினார். மாடம் அசையாமல் நிற்கட்டும். நடுவில் ஒரு கருவி நின்று நட்சத்திரங்களை ஒளியாக வீசட்டும் என்றார். அந்த முதல் கருவி வீசியவை ஏறத்தாழ 4,500 நட்சத்திரங்கள். வெள்ளைச் சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்து மனிதர்கள் நூறு ஆண்டுகளாகச் சொக்கிப்போகிறார்கள். அதே சுவரில் இன்னொரு ஒளிப்புள்ளி ஓடினால் மட்டும் தீட்டாகிவிடுமா?

லேசர் காட்சி கோளரங்கத்துக்குள் நிலையாக வந்து உட்கார்ந்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். அங்கே மலைச்சரிவில் நிற்கும் கிரிஃபித் வானாய்வகத்தை 1935 மே மாதம் திறந்தார்கள். கிரிஃபித் ஜே. கிரிஃபித் என்ற செல்வந்தர், பொதுமக்கள் வானம் பார்க்க வேண்டும் என்று உயிலில் ஒதுக்கிவிட்டுப் போன பணத்தில் எழுந்தது அது. கூரைமேல் சைஸ் நிறுவனத்தின் 12 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மேகமில்லாத இரவில் யாரும் காசு கொடுக்காமல் வரிசையில் நின்று கண் வைக்கலாம். நாம் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்ச் செய்யும் வேலையை ஒரு நகரம் தனிக் கட்டடம் வைத்துச் செய்கிறது.

1970இல் ஐவன் டிரையர் என்ற திரைப்படக்காரர், கால்டெக் பல்கலைக்கழகத்தில் எல்சா கார்மையர் என்ற இயற்பியலாளர் லேசரைக் கொண்டு உண்டாக்கிய ஒளிக்கோலங்களைப் படம்பிடிக்கப் போனார். தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவைத்து அப்போது பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கார்மையர் பின்னாளில் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவரானவர். விளையாட்டுக்கு வந்தவர் அல்லர். டிரையர் எடுத்த படத்தில் கோலம் பதிந்திருந்தது; அந்த ஒளியின் சுடர் பதியவில்லை. காட்டினால் நேரில்தான் காட்ட வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. கிரிஃபித்தின் கதவைத் தட்டினார். முதலில் மறுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1973 நவம்பர் 19 அன்று, அதே மாடத்தின் கீழ் ‘லேசேரியம்’ தொடங்கியது. சோதனை முயற்சியாகத் தொடங்கிய அது 2002 வரை ஓடிற்று. வேறு பல நகரங்களின் கோளரங்கங்களுக்கும் பரவியது. பிங்க் ஃப்ளாய்டு குழுவின் இசைக்கு லேசர் பார்ப்பது அமெரிக்க இளைஞர்களின் ஒரு தலைமுறைக்குச் சடங்காகவே ஆகிப்போனது. வானியலைப் பற்றிக் கவலையே இல்லாத எத்தனையோ பேர் கோளரங்கத்தின் சாய்வு நாற்காலியில் முதன்முதலாகச் சாய்ந்தது இதற்காகத்தான்.

உள்ளே இருந்த இயந்திரம் எளிமையானது. ஒரு வாட் ஒளி தரும் கிரிப்டான் வாயு லேசர். (அந்த ஒரு வாட்டுக்காகக் குழாய் தின்ற மின்சாரம் ஆயிரக்கணக்கான வாட்.) கிரிப்டான் ஒரே சமயத்தில் பல நிறக் கோடுகளை உமிழும். ஒரு முப்பட்டகம் அவற்றைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு கற்றையும் படபடவென ஆடும் சின்னஞ்சிறு கண்ணாடிகளில் பட்டு மாடத்துக்கு ஏறும். புள்ளி ஒன்றுதான், அது ஓடும் வேகத்தில் நம் கண் அதைக் கோடாக்கிக்கொள்கிறது. முப்பட்டகம், நிறக்கோடுகள் என்றதும் நம்மவர்களுக்குக் காது விடைக்க வேண்டும். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று குண்டூரில் வானியலாளர் ஜான்சென் சூரிய விளிம்பின் சுடர்களை ஆராய்ந்ததும் இதே வித்தையால்தான். ஹீலியம் என்ற தனிமம் பிடிபட்ட கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. லேசர் காட்சிக்கு முன்னால் இரண்டு நிமிடம் அந்த முப்பட்டகத்தைக் காட்டிப் பேசினால் போதும், நிறமாலையியலுக்கு முதல் பாடம் ஆயிற்று.

லேசேரியத்தின் உயிர் இயந்திரத்தில் இல்லை, அதை இயக்கிய கையில் இருந்தது. கருவிப் பலகைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பாட்டைக் கேட்டபடியே கோலத்தை விரிப்பார், சுருக்குவார், நிறம் மாற்றுவார். லேசரிஸ்ட் என்று அவருக்குப் பெயர். கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு இங்கும் இடம் இருந்தது. நேற்றைய காட்சி இன்று வராது. கூட்டம் கைதட்டினால் அவர் கை அதற்கு மறுமொழி சொல்லும்.

இப்போது அந்தப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வருகிறேன். மாடம் முழுக்க ஓடும் பதிவுப் படங்களைத்தான் சொல்கிறேன். ஆண்டுக்கணக்காக ஒரே குரல், ஒரே இசை, ஒரே வாக்கியம். அதற்கு ‘கல்வி நிகழ்ச்சி’ என்று பெயர் இருப்பதால் நாம் வாய் திறப்பதில்லை. அந்தப் படங்களில் விண்கல் ஒன்று ‘விர்ர்’ரென்று சத்தம் போட்டுக்கொண்டு நம் தலைக்கு மேலே போகும், வெற்றிடத்தில் ஏது சத்தம்? சிறுகோள் பட்டையில் பாறைகள் ஒன்றோடொன்று முட்டி மோதும். உண்மையில் அங்கே ஒரு பெரிய பாறைக்கும் அடுத்ததற்கும் இடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெறும் வெளி. விண்மீன் மண்டலங்களைச் சாலையோர மைல்கற்கள் போலக் கடந்து போவோம். ஒரியன் நெபுலா செவ்வரளிப் பூவின் நிறத்தில் பொங்கி வழியும்.

அந்த நிறத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நாம்தான். மார்கழிக் குளிரில் வரிசையில் நின்று வந்த பெரியவர் கண்ணைத் தொலைநோக்கியில் வைக்கிறார். சாம்பல் பூத்த ஒரு புகைத் திட்டைப் பார்க்கிறார். தலையைத் தூக்கி ‘இவ்வளவுதானா தம்பி?’ என்கிறார். மங்கலான ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து அந்த நிறத்தை எடுத்தது என்று நாம் அசடு வழிய விளக்குகிறோம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஏமாற்றம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். லேசர் காட்சி பார்த்துவிட்டு வந்தவர் யாரும் ‘வானத்தில் அந்தப் பச்சைச் சுருள் எங்கே?’ என்று கேட்டதில்லை. தான் வானம் என்று லேசர் ஒருநாளும் சொன்னதில்லை.

பதிவுப் படங்களெல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. நல்லவை இருக்கின்றன. ஆனால் எது கேளிக்கை, எது பாடம் என்று நாம் போட்ட கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. நேரில் ஒருவர் இயக்குவது, நேரில் ஒருவர் பேசுவது ஒரு பக்கம். பெட்டியைத் திறந்து ஓடவிடுவது மறுபக்கம். கோடு அங்கே விழ வேண்டும்.

இனி நான் உண்மையில் ஆசைப்படும் விஷயம். லேசர் கோலங்களில் கண்ணைப் பறிப்பவை இதழ் இதழாக விரியும் பூக்கள். அவை எப்படி வருகின்றன? லேசான சாய்வோடு சுழலும் ஒரு கண்ணாடி, கற்றையை வட்டமாக்கும். அந்த வட்டமாகும் கற்றையை இன்னொரு சுழலும் கண்ணாடியில் வாங்கினால் வட்டத்தின் மேல் வட்டம். இரண்டின் வேக விகிதத்தை மாற்ற மாற்ற இதழ்களின் எண்ணிக்கை மாறும். வட்டத்தின் மேல் வட்டம் என்பது நமக்குப் புதிதா? தாலமியும் ஆரியபடரும் கோள்களின் நடையைக் கணித்தது அதை வைத்துத்தான். நம் பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் இருக்கும் சித்தாந்தக் கணக்குகளில் அந்த வட்டங்கள் இன்றும் சுழல்கின்றன.

வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியை அசையாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தால், சூரியன் நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. அந்தச் சூரியனைச் சுற்றி வெள்ளி இன்னொரு வட்டம் போடுகிறது. முதல் வட்டத்தின் ஆரம் 100 என்றால் இரண்டாவதன் ஆரம் 72. நாம் 8 ஆண்டுகளைக் கடப்பதற்குள் வெள்ளி 13 முறை சூரியனைச் சுற்றிவிடும். ஆகவே இரண்டு கண்ணாடிகளை ஒரே திசையில், 8க்கு 13 என்ற வேகத்தில், 100க்கு 72 என்ற வட்ட அளவில் சுழலவிட்டால் மாடத்தில் ஐந்து மடிப்புள்ள ஒரு பூ மலரும். அந்தப் பூ வெள்ளி எட்டு ஆண்டுகளில் நம்மைச் சுற்றி வரையும் பாதை. உள்பக்கம் சுருளும் ஐந்து மடிப்புகள், அது நமக்கு மிக அருகே வந்து வக்கிரகதியில் பின்னோக்கி நடக்கும் ஐந்து தடவைகள். பாட்டு இளையராஜாவுடையதோ பிங்க் ஃப்ளாய்டுடையதோ, எதுவானாலும் சரி, பூ வெள்ளியுடையது.

இன்னும் நுட்பம் இருக்கிறது. 8க்கு 13 என்பது மிக நெருக்கமான கணக்கு, ஆனால் முழுத் துல்லியமில்லை. கண்ணாடியின் வேகத்தை ஒரு மயிரிழை மாற்றிவிட்டால் பூ நிலையாக நிற்காமல் மெல்லத் திரும்பும். வெள்ளியின் பூவும் அப்படித்தான் திரும்புகிறது. நம்மில் பலர் 2004 ஜூன் 8 அன்று வெயிலில் நின்று சூரியன் முகத்தில் வெள்ளி ஒரு கறுப்புப் பொட்டாக ஊரும் இடைமறிப்பைப் பார்த்தோம். மறுபடி அது நடந்தது 2012 ஜூன் 6 காலையில். எட்டு ஆண்டு, அதில் இரண்டு நாள் குறைவு. முந்தைய ஜோடி 1874 டிசம்பர் 9, 1882 டிசம்பர் 6. அந்த இரண்டு மூன்று நாள் குறைவுதான் பூ திரும்பும் வேகம். அடுத்த இடைமறிப்பு 2117 டிசம்பரில்; நாம் யாரும் இருக்கமாட்டோம். ஆனால் மாடத்துப் பூவை ஐந்து நிமிடம் சுழலவிட்டால் பல நூற்றாண்டுகளை ஓட்டிக் காட்டிவிடலாம். எந்தப் பதிவுப் படமும் இதை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

1874 என்றதும் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஆர் ரெடிகுலி என்ற மாறும் விண்மீனை 1867இல் கண்டறிந்தவர். வெள்ளி இடைமறிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் அதை வானாய்வகத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கொள்ளும் உரையாடலாக ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். நாடகம் போட்டு வானியல் சொல்வது இழுக்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் குழுக்களின் முன்னோடி யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

லேசர் வானியலுக்கு அந்நியம் என்ற பேச்சும் நிற்காது. அப்பல்லோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானை நோக்கி இன்றும் லேசர் துடிப்புகள் போய்த் திரும்புகின்றன. நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்று அதனால் தெரிகிறது. நிலவில் நிற்கும் நம் விக்ரம் தரையிறங்கு கலத்தின் மேலும் அப்படிப்பட்ட ஒரு பிரதிபலிப்பான் இருக்கிறது. நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் 2023 டிசம்பர் 12 அன்று அனுப்பிய லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பியது. சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கிகள் ஆரஞ்சு நிற லேசரை மேலே செலுத்தி, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை ஒளிரவைத்து, செயற்கை விண்மீன் உண்டாக்கி, காற்றின் அலைவைத் திருத்திக்கொள்கின்றன. இதையெல்லாம் உரையில் சொல்ல ஒரு லேசர் இரவைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது லாஸ் ஏஞ்சலஸில் விடிவதற்கு முன் மின்சாரம் போனது. வீதிக்கு ஓடிவந்தவர்களில் சிலர் வானம் விசித்திரமாக இருக்கிறது, நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கிரிஃபித் வானாய்வகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அவர்கள் கண்டது வழக்கமான நட்சத்திர வானம்தான். நம் நகரத்துப் பிள்ளைகளும் அந்த நிலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஊருக்குள் கண் முழுதாக இருட்டுக்குப் பழகும் பொது இடம் கோளரங்கம் ஒன்றுதான். அங்கே லேசரைப் பார்க்க வந்தவரின் கண்மணியும் ஒரு மணி நேரத்தில் விரிந்துதான் இருக்கும். காட்சி முடிந்ததும் குழல்விளக்கைப் பளிச்சென்று போட்டு அவரை வாகன நிறுத்தத்துக்குத் துரத்தாமல், சிவப்பு விளக்கொளியில் வெளியே அழைத்துவந்து, அங்கே நம் தொலைநோக்கி தயாராக நின்றால்? கிரிஃபித்தின் சாமர்த்தியம் அதுதான்: காட்சியும் தொலைநோக்கியும் ஒரே கூரையில். லேசர் ஷோ அறிவிப்பு வந்தால் எதிர்த்துக் கடிதம் எழுதாதீர்கள். வாசலில் இரண்டு தொலைநோக்கி வைக்க அனுமதி கேட்டு எழுதுங்கள். சனிக் கோளின் வளையம் எந்தக் காட்சிக்குப் பிறகும் எடுபடும்.

கடைசியாக நம் சட்டைப் பையில் இருக்கும் லேசரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. ‘அதோ அதுதான் கார்த்திகை’ என்று பச்சை லேசர் பாயின்டரால் காட்டும்போது கூட்டம் வாயைப் பிளக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் அட்டையில் அச்சிட்டதைவிட அதிகச் சக்தி வரும் கருவிகள் உண்டு. பச்சை ஒளி உள்ளே அகச்சிவப்பிலிருந்து தயாராகிறது. வடிகட்டி இல்லாத கருவியில் அந்த அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கண் சிமிட்டித் தப்பவும் முடியாது. சிறுவர்கள் கையில் அதைக் கொடுத்து ‘நீயே காட்டு’ என்பது கூடவே கூடாது. விமானம் தாழப் பறக்கும் பாதையின் அருகே அதை எடுக்கவே வேண்டாம்; அந்தக் கற்றை விமானியின் அறைக் கண்ணாடியில் பட்டால் அறை முழுக்கப் பச்சையாகிவிடும். கோளரங்கத்து லேசரில் கற்றை பார்வையாளர் கண்மட்டத்துக்கு வராதபடி கட்டுப்பாடு இருக்கிறது. மைதானத்தில் நம்மைக் கட்டுப்படுத்த யாருமில்லை. கூட்டத்துக்கு ஒரு பாயின்டர், அது பொறுப்பானவர் ஒருவர் கையில் மட்டும் என்று நாமே வைத்துக்கொள்வோம்.

பூவைப் பற்றிப் பேசினேன். அதைச் செய்து பார்க்கப் பெரிய செலவில்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு சின்ன மின்விசிறி மோட்டார்கள், அவற்றின் தலையில் சற்றே சாய்த்து ஒட்டிய கண்ணாடித் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுகள், சக்தி குறைந்த ஒரு சிவப்பு லேசர், வெள்ளைச் சுவர். லேசரையும் கண்ணாடிகளையும் மூடிய பெட்டிக்குள் வைத்து, கற்றை சுவரை நோக்கி மட்டும் வெளியேறும்படியும் அதன் குறுக்கே யாரும் வராதபடியும் செய்துவிட்டால் யார் கண்ணுக்கும் ஆபத்தில்லை. மோட்டார்களும் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. வேகத்தை 8க்கு 13இல் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கை ஒன்று வேண்டும். உங்களில் யாருக்கு அது வரும் என்று சொல்லுங்கள். அடுத்த மழைக்கால இரவில், மேகம் மூடித் தொலைநோக்கியை வெளியே எடுக்க முடியாதபோது, சேர்ந்து உட்கார்ந்து முயன்று பார்க்கலாம். பாட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிசையில் தொலைநோக்கி தூக்கும் ஒருவன்